பட்டு வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து 19 நாள் ஆகிறது. வயிற்றில் இருக்கும்போதே அவளைப் ‘பட்டு’ என்றுதான் கூப்பிடுவோம். என் கணவர் வேலை முடிந்து வந்ததும் வயிற்றைத் தொட்டு, “பட்டு, இன்னிக்கு என்ன பண்ணே?” என்று கேட்பார். இப்போது வேறு எந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாலும் அது வேறு வீட்டுப் பிள்ளையின் பெயர் மாதிரி இருக்கிறது. அதனால் பிறப்புப் பதிவிலும் ‘பட்டு’ என்றே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். சின்னப் பெயர், சீன நண்பர்கள் வாயிலும் நுழையும். ஆனால் என் மாமியார், “செல்லப் பேரையெல்லாம் சர்ட்டிஃபிகேட்ல போடுவாங்களா?” என்று கேட்டதோடு சரி, இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் அம்மாவின் பெயரான விசாலாட்சியை வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பள்ளியில் எல்லாரும் அதை ‘விசா’ ஆக்கிவிடுவார்களே என்று எங்களுக்குப் பயம். நாங்கள் நினைப்பது தவறா?
– சிங்கப்பூர் பொங்கோலிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தவறு எதுவும் இல்லை. பெயர்ப் புத்தகத்தைப் புரட்டியோ கூட்டு எண் பார்த்தோ வந்த பெயர் இல்லை இது. பிறக்காத பிள்ளையோடு பேசிப் பேசித் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். பதிவில் மட்டும் எழுதாதீர்கள் என்று சொல்வேன். அதற்கு நான் சொல்லும் காரணம் வேறு, உங்கள் மாமியார் சொல்லும் காரணம் வேறு.

‘செல்லப் பெயரையெல்லாம் போடுவார்களா’ என்று அவர் கேட்கிறார். தமிழர்கள் காலங்காலமாகப் போட்டுத்தான் வந்திருக்கிறார்கள். பாரதியாரின் மனைவி செல்லம்மாள், மூத்த மகள் தங்கம்மாள், அப்பா சின்னசாமி. மூன்றும் மடியில் வைத்துக் கொஞ்சும்போது பிறக்கிற சொற்கள். நம் ஊரையே பாருங்கள். 1999 முதல் 2011 வரை சிங்கப்பூர் அதிபராக இருந்த எஸ்.ஆர். நாதனின் முதலெழுத்து, அவர் அப்பாவின் பெயரான செல்லப்பன். 1966-ல் நம் தேசிய உறுதிமொழியை எழுதிய எஸ். ராஜரத்தினத்தின் ‘எஸ்’ சின்னத்தம்பி, அதுவும் அப்பா பெயர்தான். செல்லமும் சின்னதும் இந்த நாட்டின் மிகப் பெரிய பெயர்களுக்கு முன்னால் நின்றிருக்கின்றன. அதனால் மாமியாரிடம் நீங்கள் தைரியமாகப் பேசலாம்.

ஆனால் அந்தப் பெயர்களை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். செல்லத்தை அப்படியே தனியாக விட்டவர்கள் யாருமில்லை. செல்லத்தோடு அம்மாள், செல்லத்தோடு அப்பன், சின்னதோடு சாமி, தங்கத்தோடு அம்மாள். கொஞ்சும் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரியவரை நிற்க வைத்துத்தான் ஊருக்குள் அனுப்பினார்கள். அந்தப் பெயரைச் சுமக்கும் பிள்ளை ஒரு நாள் அப்பனாகவும் அம்மாளாகவும் ஆகும் என்று தெரிந்து வைத்த பெயர்கள் அவை. உங்கள் பட்டுவுக்கே ஒரு மூத்தவர் இருக்கிறார். காஞ்சிபுரத்தில் 1919-ல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு வைத்த பெயர் அலமேலு. வீட்டில் ‘பட்டா’ என்று கூப்பிட்டார்கள். அந்தச் செல்லம்தான் ஓர் ‘அம்மாள்’ சேர்ந்து மேடை ஏறியது. டி.கே. பட்டம்மாளைத்தான் சொல்கிறேன். அவரோடு ஒரே காலத்தில் பாடிய எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு வீட்டில் பெயர் குஞ்சம்மா. அவர் அந்தப் பெயரை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். கடைசி வரை நெருங்கியவர்கள் மட்டும் அப்படிக் கூப்பிட்டார்கள். இரண்டு வழியும் நல்ல வழிதான். பட்டா வெறும் பட்டாவாகவே பதிவேட்டுக்குப் போவது மூன்றாவது வழி. அந்த வழியில்தான் எனக்குக் கவலை.

கவலை என்னவென்றால், நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. உங்கள் சீன நண்பர் தன் மகளுக்கு எவ்வளவு விளையாட்டான பெயர் வைத்தாலும், வேலைக்குப் போனதும் அவள் மிஸ் டான், டாக்டர் லிம் என்று ஆகிவிடலாம். குடும்பப் பெயர் அவளுக்கு ஒரு மேலங்கி மாதிரி. உங்கள் மகளுக்கு அது இல்லை. ‘டாட்டர் ஆஃப்’ என்று போட்டுப் பின்னால் வருவது அவள் அப்பாவின் பெயர். அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டால் அது அவளே இல்லை. நம் அதிபரை ‘அதிபர் தர்மன்’ என்கிறோம். சண்முகரத்தினம் அவர் அப்பா. நாட்டின் உச்சப் பதவியே ஆனாலும் நம்மவர்களுக்கு அது பெற்றோர் இட்ட பெயரோடுதான் வந்து ஒட்டும். நாளைக்கு உங்கள் மகள் வழக்கறிஞரானால் மிஸ் பட்டு, மருத்துவரானால் டாக்டர் பட்டு. தொடக்கநிலை ஒன்றின் வருகைப் பதிவிலிருந்து அவள் வேலை கேட்டு எழுதும் கடிதம் வரைக்கும், 15 வயதில் எடுக்கும் அடையாள அட்டையிலிருந்து அலுவலக வாசல் பெயர்ப் பலகை வரைக்கும், இந்த ஒரு சொல்தான் எல்லாப் பாரத்தையும் தாங்க வேண்டும்.

தாங்காது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்கு அடையாள அட்டையிலேயே ‘பாப்பா’ என்றுதான் பெயர். மலாயாத் தோட்டத்தில் பிறந்தவர். பதிய வந்த எழுத்தரிடம் அப்பா வாய் தவறி வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டாராம். அதே பெயரோடு ஐந்து பிள்ளைகளை வளர்த்தார், கடை நடத்தினார், யாரும் அவரைக் குறைத்துப் பேசியதில்லை. ஒரு முறை அவர் மருத்துவமனையில் படுத்திருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். தாதி பெயர் கேட்டார். “பாப்பா.” “பாட்டி, வீட்டுல கூப்பிடுற பேரு வேணாம், ஐசி-ல இருக்குற பேரு சொல்லுங்க.” “அதான்மா, பாப்பா.” அந்தத் தாதி நல்ல பெண், மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் 78 வயதில், காய்ச்சலோடு, தன் பெயர் தன் பெயர்தான் என்று பாட்டி மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. இது வாழ்நாள் முழுக்க நடந்ததாம். அவருக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இத்தனையும் வெளியில் நடப்பது. நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லத்தான்.

எனக்கு வீட்டில் ‘சிட்டு’ என்று பெயர். அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார், பிறகு குவீன்ஸ்டவுனில் எதிர்வீட்டில் இருந்த மலாய் மக்சிக், அதாவது அத்தை. அவர் எங்களோடு ஒரே குடும்பமாகப் பழகியதால் அந்தப் பெயர் அவருக்கும் கிடைத்தது. எனக்கு ஏழு வயது இருக்கும்போது அம்மா என்னைப் பள்ளி வாசலில் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்ட ஓர் ஆசிரியை, மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் “சிட்டு, எழுந்து வாசி” என்றார். பாசத்தோடுதான் சொன்னார். ஆனால் நான் வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. தலையணைக்கடியில் வைத்திருந்த பொருளை யாரோ எடுத்து மேசைமேல் வைத்த மாதிரி இருந்தது. இன்று அப்பா இல்லை, அம்மா இல்லை, மக்சிக் இல்லை, பெரியண்ணனும் போய்விட்டார். என்னைச் சிட்டு என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருப்பவர் ஒரே ஒருவர். சின்னண்ணன் தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்கு ஏழு வயதுதான். வங்கியிலும் மருந்தகத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் யார் யாரோ என்னைச் சிட்டு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால், அண்ணன் குரலில் அந்தப் பெயருக்கு இப்படி ஓர் ஈரம் இருந்திருக்குமா?

தங்கையே, பட்டுவைப் பதிவில் எழுதினால் பட்டு எல்லாருக்கும் சொந்தம். கடன்அட்டை விற்கக் கூப்பிடுபவர்கூட, “மிஸ் பட்டு இருக்காங்களா?” என்பார். அப்புறம் உங்கள் கணவர் வேலை முடிந்து வந்து அவளை எப்படிக் கூப்பிடுவார்? அவருக்கென்று இருந்த பெயரை ஊருக்குக் கொடுத்தாயிற்றே. வங்காளிகள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். கூப்பிடும் பெயருக்கு ‘டாக்நாம்’, ஊருக்கான நல்ல பெயருக்கு ‘பாலோநாம்’ என்று தனித்தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் போனால் வங்காளதேசத்து இளைஞர்கள் கூடி நிற்பார்களே, அவர்களில் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அட்டையில் இருக்கும் பெயர் ஒன்று, அவர் அம்மா கூப்பிடும் பெயர் இன்னொன்று என்பார்.

வாயில் நுழைய வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நியாயமான ஆசை. ஆனால் சின்னப் பெயர் வேறு, செல்லப் பெயர் வேறு. நிலா, மலர், கயல், இனியா எல்லாம் சின்னப் பெயர்கள்தான். ஆறிலும் அழகு, அறுபதிலும் அழகு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பட்டு’ நீங்கள் நினைக்கும் அளவுக்கு எளிதும் இல்லை. ரோமன் எழுத்தில் எழுதினால் தமிழாசிரியரே அதைப் ‘பாட்டு’ என்று வாசிக்கலாம். மலாய்க் காதுக்கு அது ‘பாத்து’ மாதிரி, அதாவது கல் மாதிரிக் கேட்கலாம். நீங்கள் தேர்ந்தெடுக்கும் பெயர் எதுவானாலும், அதை ரோமன் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, எந்த விளக்கமும் சொல்லாமல் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடமும் ஒரு மலாய்த் தோழியிடமும் வாசிக்கக் கொடுங்கள். ழகரம் உள்ள பெயர் என்றால் கட்டாயம் செய்து பாருங்கள். அதற்கு நாம் போடும் ‘இசட் எச்’சை, பின்யின் என்ற முறையில் சீனத்தை ரோமன் எழுத்தில் வாசித்துப் பழகியவர்கள் ஜகரம் போல வாசிப்பார்கள். வாசிப்பது காதுக்குப் பிடிக்கவில்லை என்றால் பெயரை மாற்ற வேண்டாம், எழுத்தை மாற்றினால் போதும்.

நாள் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த 42 நாளுக்குள் பதிய வேண்டும். இந்தப் பதில் உங்கள் கைக்கு வரும்போது பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். லைஃப்எஸ்ஜி செயலியில் வீட்டிலிருந்தே பதியலாம் என்பதால் சிலர் நடுராத்திரி பால் கொடுத்துக்கொண்டே அவசரமாக எழுத்துகளைத் தட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வளர்ந்த பிறகு பெயரை மாற்ற வேண்டுமென்றால் வழக்கறிஞரிடம் போய் ‘டீட் போல்’ என்னும் பெயர் மாற்றப் பத்திரம் எழுத வேண்டும், பிறகு ஒவ்வோர் ஆவணமாக மாற்றிக்கொண்டு அலைய வேண்டும். நீங்கள் ஆசையாக வைத்ததை உங்கள் மகள் காசு கொடுத்துக் கழற்றும்படி ஆகக் கூடாது.

இனி உங்கள் மாமியார். அவர் முகம் கொடுக்காமல் இருப்பது சர்ட்டிஃபிகேட்டுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. தன் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு பிள்ளை வருமா என்று காத்திருந்திருக்கிறார். நீங்கள் இன்னொரு பெயரோடு வந்ததும், அம்மாவை இரண்டாம் முறை வழியனுப்பியது போல அவருக்கு வலித்திருக்கும். அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை உங்களுடையது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் முன் ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தை, உங்க அம்மா எப்படி இருப்பாங்க?” என்று கேளுங்கள். விசாலாட்சியை அந்தக் காலத்தில் வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். விசாலி என்பார்கள், சாலா என்பார்கள், ஆச்சி வீட்டில் வேறு ஏதாவது இருந்திருக்கலாம். விசாலி பள்ளிப் பதிவிலும் நிற்கும், வாயிலும் நுழையும், ‘விசா’ என்று சுருக்கும் ஆசையையும் பாதி குறைத்துவிடும். அது பிடிக்கவில்லை என்றால் நீங்களும் கணவரும் வேறு பெயர் தேடுங்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

தொட்டில் போடும் நாளில், தேர்ந்தெடுத்த பெயரைக் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்ல உங்கள் மாமியாரையே கூப்பிடுங்கள். அவர் சொல்லி முடித்து நிமிர்ந்ததும், உங்கள் கணவர் குனிந்து, வயிற்றைத் தொட்டுக் கேட்ட அதே குரலில், பட்டு என்று ஒரு முறை கூப்பிடட்டும். பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய குரல் அது.

அன்புடன்,
உங்கள் அக்கா