கேள்வி-பதில்: ‘எட்டு மாதச் சினை’ என்று சொல்லி விற்ற மாடு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மாட்டைப் பற்றியவை. மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்விகள் அடுத்த முறை.

கருங்கல்பாளையம் சந்தையில் ஒரு தரகர் மூலம் ஜெர்சி கலப்பு மாடு வாங்கினேன். எட்டு மாதச் சினை, அடுத்த மாதம் கன்று போடும் என்றார். இரண்டு மாதம் ஆகிவிட்டது. டாக்டர் கைவிட்டுப் பார்த்து, இப்போதுதான் ஏழாம் மாதம் என்கிறார். தரகர் போனை எடுப்பதில்லை.
— வாசகர், ஈரோடு மாவட்டம்

வாங்கிய அன்று அது ஐந்து மாதச் சினை. பால் வராத மாட்டுக்கு இரண்டு மாதம் தீனி போட்டாயிற்று, இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் போட வேண்டும். உங்கள் மேல் தவறு இல்லை. எட்டு மாதம் என்று சொல்லித்தான் எட்டு மாதத்து விலையை வாங்கியிருக்கிறார்.

முதலில் டாக்டரிடம் பார்த்த தேதி, சினை மாதம், காதுத் தோட்டின் எண் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் மாடும் சரக்குதான். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விற்றவர் மாட்டு வியாபாரியாக இருந்து, நீங்கள் பிழைப்புக்காக ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவராக இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. விற்றவர் தன் வீட்டு மாட்டை விற்ற விவசாயி என்றால் அந்த வழி கடினம், சிவில் வழக்குதான். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு நோட்டீஸ் அனுப்புங்கள்.

சங்கடம் சாட்சியில்தான். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. சினை மாதத்தையாவது வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, உங்கள் போனில் வீடியோ எடுத்திருக்கலாம். அடுத்த தடவை எடுங்கள். கோபத்தில் இந்த மாட்டை மட்டும் இப்போது விற்றுவிடாதீர்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்.

சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட தேதி தெரியும். கன்று போடும் தேதியை எப்படிக் கணக்கிடுவது?
— வாசகி, தர்மபுரி

ஒன்பது மாதம் கூட்டி, அதன்மேல் பத்து நாள் கூட்டுங்கள். ஜூன் 10 ஊசி என்றால் மார்ச் 20. சராசரி 283 நாள். ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு இரண்டு மூன்று நாள் முந்தலாம், நாட்டு மாடு ஒரு வாரம் பிந்தலாம். தலை ஈத்துக் கிடேரி சற்று முன்னதாகவும், காளைக் கன்று வயிற்றில் இருந்தால் ஒன்றிரண்டு நாள் தாமதமாகவும் போடும். இரட்டைக் கன்று ஏறக்குறைய ஒரு வாரம் முந்தும். கணக்கு நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் வெளியூர்க் கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்புறம், அந்தத் தேதிக்கு 60 நாள் முன்பே பாலை வற்ற விடுங்கள்.

எருமைக்கும் அதே கணக்கா?
— வாசகர், தேனி

இல்லை. எருமைக்கு 310 நாள்.

மருந்துக் கடையில் பெண்களுக்கு விற்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையை மாட்டின் கோமியத்தில் வைத்துப் பார்க்கலாமா?
— வாசகர், விழுப்புரம்

வேண்டாம். அந்தப் பட்டை தேடும் ஹார்மோன் மாட்டுக்குச் சுரப்பதே இல்லை.

எங்கள் மாட்டுக்கு ஊசி போட்டு 21 நாளில் மறுபடி கத்தியது, இன்னொரு ஊசி போட்டோம். இப்போது சினை. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? முதல் தேதி சரியாக ஞாபகம் இல்லை.
— வாசகி, நாமக்கல்

இரண்டாவது தேதியிலிருந்து எண்ணுங்கள், ஆனால் மூன்று வாரம் முன்னதாகவே தயாராக இருங்கள். சினைபிடித்த பிறகும் சில மாடுகள் பருவத்துக்கு வந்ததுபோலக் கத்தும். அப்படியானால் முதல் ஊசியிலேயே சினை பிடித்திருக்கும். அதனால்தான் இரண்டாவது ஊசிக்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். சினையில் இருக்கும் மாட்டுக்குக் கருப்பையில் குழாயை விட்டால் கரு கலைந்துபோகக்கூடும்.

‘ஞாபகம் இல்லை’ என்ற வார்த்தைக்கு வருகிறேன். இதைப் படிக்காத வாரம் எனக்கு இல்லை. பால் கணக்கு நோட்டில் இருக்கிறது, சீட்டுப் பணம் கட்டிய தேதி இருக்கிறது, ஊசி போட்ட நாள் மட்டும் ‘பொங்கல் கழிஞ்சு’ என்று இருக்கிறது. மாட்டின் அடுத்த ஒரு வருட வருமானமே அந்த ஒரு நாளில்தான் தொடங்குகிறது. ஊசி போடுபவர் கையிலிருக்கும் உறைவிந்துக் குச்சியில் காளையின் எண் அச்சிட்டிருக்கும். வேலை முடிந்ததும் அதைக் கேட்டு வாங்கி, தேதியை எழுதி, நோட்டில் ஒட்டி வையுங்கள். தர மறுப்பவரை அடுத்த முறை கூப்பிடாதீர்கள். காதுத் தோட்டின் 12 இலக்க எண்ணில் ஊசித் தேதியையும் அரசுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அப்படி ஏறிய மாட்டை விற்கும்போது வாங்குபவரின் டாக்டர் எண்ணைத் தட்டித் தேதியைப் பார்த்துக்கொள்ளலாம், தரகர் வாய்க்கு வேலை இல்லை. தேதி இல்லாத சினை மாட்டுக்குத் தேதி உள்ள மாட்டின் விலையைக் கொடுப்பதை வாங்குகிறவர்கள் நிறுத்தாதவரை விற்பவர்கள் எழுத மாட்டார்கள்.

டாக்டர் சொன்னால் போதாதா என்பீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் பார்த்தால் ஏறக்குறைய சரியாகச் சொல்வார். ஐந்தாறு மாதத்தில் கருப்பை வயிற்றுக்குள் இறங்கிவிடும், கன்று கைக்கு எட்டாது. அப்போது நல்ல டாக்டரே ஒரு மாதம் முன்பின் சொல்வார்.

மடி நன்றாக இறங்கியிருந்ததால் 15 நாளில் ஈன்றுவிடும் என்று நம்பி வாங்கினோம். வண்டி காத்திருந்ததால் டாக்டரைக் கூப்பிடவில்லை. சினையே இல்லை என்று இப்போது தெரிகிறது. நஷ்ட ஈடு கிடைக்குமா?
— வாசகர், திருவண்ணாமலை

கேட்டுப் பாருங்கள். வண்டி வாடகைக்குப் பயந்து மாட்டின் விலையை விட்டிருக்கிறீர்கள். கறக்கிற மாட்டை ஒரு வேளை கறக்காமல் விட்டாலே மடி பெருக்கும். சந்தைக்கு வரும் மாட்டுக்கு இது வாடிக்கை. வால் அடியில் இரு பக்கமும் குழி விழுந்திருக்கிறதா, அறை (பிறப்புறுப்பு) தடித்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? கடிதத்தில் இல்லை. விற்றவர் ஏமாற்றியிருந்தால் அவர் மேல் கோபம் நியாயம்தான். ஆனால் விற்றவர் ‘சினை’ என்று சொன்னாரா, நீங்களாக மடியைப் பார்த்து நினைத்துக்கொண்டீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. ஆணையத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

வாலில் மாட்டினால் கன்று போடும் நேரத்தைப் போனுக்குச் சொல்லும் கருவி வாங்கலாமா?
— வாசகர், கோவை

நான் வாங்கினேன். தொழுவத்தில் சிக்னல் இல்லை. கன்று பிறந்து, சீம்பாலும் குடித்த பிறகு குறுஞ்செய்தி வந்தது. வீட்டில் அது இப்போது என் வாங்கும் திறமைக்கு உதாரணமாக, ரொட்டி போடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக் கடைசி வாரத்தில் தினமும் ஒரே நேரத்தில் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். வெப்பம் திடீரென அரை டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும்.

பவுர்ணமியில்தான் ஈனும் என்கிறார்களே?
— வாசகர், மதுரை

கணக்கு நாள் பக்கத்தில் பவுர்ணமி வந்தால் ஈனும். அமாவாசை வந்தால் அன்றும் ஈனும்.

283 நாள் தாண்டி 12 நாள் ஆகிறது. நோவு இல்லை. காத்திருக்கலாமா?
— வாசகி, கரூர்

கடிதம் எனக்கு வந்து சேர்வதற்குள்ளேயே இன்னும் சில நாள் போயிருக்கும். எனக்கு எழுதும் விஷயம் இல்லை இது. கன்று மிகப் பெரிதாகியிருக்கலாம், உள்ளேயே இறந்திருக்கலாம், தேதியே தப்பாகவும் இருக்கலாம். கைவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். இன்றே கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்குப் போன் போடுங்கள்.