குட்டி ஆர்க்கிட்: கேளுங்கள், சொல்கிறேன்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் பற்றியவை. எனக்கு மிகவும் பிரியமான செடி. அதனால் இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே.

*கல்யாண நாளுக்கு மகள் வாங்கித் தந்த செடி. அழகான பீங்கான் தொட்டியில் இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றியும் இலைகள் சுருங்கித் தொங்குகின்றன. தண்ணீர் போதவில்லையா?*
— வாசகி, மதுரை

தண்ணீர் அதிகமாகிவிட்டது அம்மா. வேர் அழுகிவிட்டால் எவ்வளவு ஊற்றினாலும் செடியால் குடிக்க முடியாது. அதனால்தான் இலை வாடுகிறது. இது மண்ணில் வளரும் செடியே இல்லை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்வது. மழையில் வேர் நனையும், கொஞ்ச நேரத்தில் காற்றில் காய்ந்துவிடும். அப்படி வேர் காயாமல் அதற்கு வாழ்வில்லை. அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டியில் இந்தச் செடியை விற்பது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

இன்றே வெளியே எடுங்கள். கடைச் செடிகளில் வேரைச் சுற்றிப் பாசியை இறுக்கமாக அடைத்திருப்பார்கள். நிதானமாகப் பிரித்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கொழகொழவென்று பழுப்பாக இருப்பதை, தீயில் காட்டிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். மூன்று அங்குல பிளாஸ்டிக் கப் ஒன்றில், கண்ணாடி போல் உள்ளே தெரிவதாக, அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை போட்டு, மரக்கரித் துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்து நட்டுவிடுங்கள். மட்டைத் துண்டில் உப்பு இருக்கும். சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். பெரிய தொட்டி வேண்டாம், ஈரம் தங்கிவிடும்.

இனி வேர்தான் உங்களுக்குக் கணக்கு. நனைந்த வேர் பச்சையாக இருக்கும், காய்ந்தது வெள்ளி நிறத்துக்கு வந்துவிடும். கப்புக்குள் எல்லா வேரும் வெளுத்த பிறகு, காலையில் பத்து நிமிடம் தண்ணீரில் அமிழ்த்தி, நன்றாக வடியவிட்டு வையுங்கள். சித்திரை வெயிலில் ஒன்றுவிட்டு ஒருநாள் தேவைப்படலாம்; அடைமழையில் ஒரு வாரம் கூடத் தாங்கும். இலைகள் கூடும் குருத்தில் தண்ணீர் நின்றால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். குருத்து அழுகினால் செடியைக் காப்பாற்றுவது கடினம். சுருங்கிய இலைகள் முழுதாக நிமிராது. அடுத்து வரும் இலையைப் பாருங்கள், அது விறைப்பாக வந்தால் செடி பிழைத்துவிட்டது.

*பூ உதிர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இலைகள் தளதளவென்று இருக்கின்றன, பூ மட்டும் வரவில்லை. என்ன உரம் போடலாம்?*
— வாசகர், அம்பத்தூர்

உரத்தில் வராது. சென்னையின் சூடுதான் காரணம். இந்தச் செடி பூந்தண்டு விட, சில வாரங்கள் தொடர்ந்து 25, 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இரவில் மட்டும் குளிர்ந்தால் போதாது. பகல் 28, 29 டிகிரியில் நீடித்தால், இரவு எவ்வளவு குளிர்ந்தாலும் தண்டு வராது. படுக்கையறையில் இரவு ஏசி போட்டுவிட்டு, பகலில் அதே அறையை வேகவிட்டால் பலன் இல்லாமல் போவது இதனால்தான்.

சென்னைவாசிக்கு வாய்ப்பு, கார்த்திகை மழை தொடங்கி தை முடியும் வரை. அந்த நாட்களில் செடியை வீட்டிலேயே குளுமையான, வெளிச்சமுள்ள ஜன்னலுக்கு மாற்றுங்கள். எங்கள் வீட்டில் கிழக்கு ஜன்னல் கம்பியில்தான் தொங்குகின்றன. எட்டு, எட்டரை மணி வரை இளவெயில், பிறகு நிழல். பகல் முழுக்க ஏசி ஓடும் அலுவலகத்தில் வெளிச்சமான ஜன்னலோர மேசை கிடைத்தால் அதைவிட நல்லது. உங்கள் செடியின் இலை கரும்பச்சையாக இருக்கிறதா? அப்படியானால் வெளிச்சமும் குறைவு. வெளிர்பச்சைக்கு வர வேண்டும்.

இலைக்கு அடியிலிருந்து ஒன்று எட்டிப் பார்க்கும்போது வேரா, தண்டா என்று குழம்பும். முனை உருண்டையாக, வழவழப்பாக இருந்தால் வேர். தட்டையாக, கொஞ்சம் கூராக, மேல்நோக்கி வந்தால் தண்டு. அதன்பிறகு பூக்க இரண்டு, மூன்று மாதம் ஆகும். பூத்தால் இரண்டு மாதமாவது நிற்கும். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

*பூ முடிந்த தண்டை வெட்டலாமா? கணுவில் குட்டிச் செடி ஒன்று முளைத்திருக்கிறது.*
— வாசகி, கோவை

வெட்டிவிடாதீர்கள்! குட்டி ரகங்கள் பலவற்றுக்கு மூதாதை, பிலிப்பைன்ஸிலும் தைவானிலும் வளரும் ஃபலனாப்சிஸ் ஈக்வெஸ்ட்ரிஸ். ஆர்க்கிட்களிலேயே முழு மரபணுத் தொகுதி முதலில் வாசிக்கப்பட்டது இதற்குத்தான், 2014-இல். பழைய தண்டிலேயே கிளைத்துத் திரும்பப் பூப்பதும், கணுவில் கன்று விடுவதும் அதன் இயல்பு. தண்டு பச்சையாக இருக்கும்வரை விட்டுவையுங்கள். கன்றுக்கு இரண்டு மூன்று இலையும், இரண்டு அங்குல வேர்களும் வந்த பிறகு, இருபுறமும் கொஞ்சம் தண்டோடு சேர்த்து வெட்டித் தனியாக நடுங்கள்.

*போர் தண்ணீர் ஊற்றலாமா? பஞ்சகவ்யம், மண்புழு உரம்?*
— வாசகர், திருநெல்வேலி

உப்புத் தண்ணீர் என்றால் வேண்டாம். வேரில் வெள்ளையாகப் படிந்து நுனியைக் கருக்கிவிடும். மழைநீர் பிடித்து வையுங்கள், இல்லையேல் ஆர்.ஓ. தண்ணீர். மண்புழு உரம் காற்றுப்போகும் இடைவெளியை அடைத்துவிடும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 20-20-20 கலப்பு உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேர் நனைந்த பிறகு கொடுங்கள். பஞ்சகவ்யத்தை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை.

*எங்கள் பக்கக் காட்டில் இதே போன்ற செடி மரத்தில் பார்த்தேன். எடுத்து வந்து வளர்க்கலாமா?*
— வாசகர், கூடலூர்

வேண்டாம், தயவுசெய்து. நீங்கள் பார்த்தது ஃபலனாப்சிஸ் டெலிசியோசாவாக இருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இருக்கும் நம் ஊர்ச் சொந்தக்காரி. ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவே கிடையாது. சரியான பூஞ்சை துணைக்கு வந்தால்தான் அது முளைக்கும். அப்படி ஒன்று மரத்தில் பிடித்து வளர ஆண்டுகள் ஆகும். பெயர்த்து எடுத்த செடி வீட்டில் பெரும்பாலும் தங்காது. காட்டு ஆர்க்கிட்களைப் பார்க்க ஆசையிருந்தால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வளர்க்க, நர்சரிச் செடி வாங்குங்கள்.

*வீட்டில் பூனை இருக்கிறது, இலையைக் கடிக்கிறது. விஷமா?*
— வாசகி, புதுச்சேரி

விஷமில்லை. ஆனால் பூச்சிமருந்து அடித்த செடி என்றால் பூனைக்கு எட்டாமல் வையுங்கள்.

*மொட்டுகள் விரியாமலே மஞ்சளாகி உதிர்கின்றன. சாப்பாட்டு மேசையில்தான் வைத்திருக்கிறேன்.*
— வாசகர், திருச்சி

அந்த மேசையில் வாழைப்பழச் சீப்பும் இருக்கிறதா? பழுக்கும் பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும். ஏசி காற்று நேராக அடித்தாலும், மொட்டு விட்ட செடியை இடம் மாற்றிக்கொண்டே இருந்தாலும் இதே கதிதான். பழக்கூடையை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். செடி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.