கேளுங்கள், சொல்கிறேன்: குகைக்குள் யார் விளக்குப் பிடித்தது?

கேள்வி: ஆதிமனிதர்கள் சுவரில் ஓவியம் வரைந்த பிரான்ஸின் லாஸ்கோ குகை உள்ளே கும்மிருட்டாமே? தீப்பந்தம் பிடித்து வரைந்திருந்தால் சுவரெல்லாம் கரி பிடித்திருக்க வேண்டாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நல்ல சந்தேகம். குழிவான கல்லில் விலங்குக் கொழுப்பை வைத்துத் திரி கொளுத்தினார்கள். கொழுப்பு அவ்வளவாகப் புகையாது. அப்படிப்பட்ட கல்விளக்குகள் லாஸ்கோவில் நிறையக் கிடைத்தன. அவற்றில் ஒன்று சிவப்பு மணற்கல்லில் இழைத்தது. கரண்டி போலக் கைப்பிடி, அதன்மேல் கீறிய கோடுகள். அவசரத்துக்குச் செய்த சாமான் இல்லை. அங்கே 5 மீட்டருக்கு மேல் நீளமான காளை ஓவியம் இருக்கிறது, ஆனாலும் எனக்கு இந்த விளக்கின்மேல்தான் பிரியம். இதன் வெளிச்சத்தில் அந்தக் காளையின் தலை தெரிந்தால் வால் தெரியாது. அப்படியும் அளவு பிசகாமல் வரைந்திருக்கிறார்கள், பாருங்கள்! எட்டாத உயரத்துக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். கட்டை செருகிய குழிகள் சுவரில் இருக்கின்றன.

தீப்பந்தமும் உண்டு. பிரான்ஸிலேயே 1994இல் கண்டுபிடித்த இன்னொரு ஓவியக் குகையான ஷோவேயின் சுவர்களில் பந்தத்தைத் தேய்த்த கரித்தடங்கள் இருக்கின்றன. அங்குள்ள பழைய ஓவியங்களுக்கு ஏறக்குறைய 36,000 வயது. கரித்தடங்களோ அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிந்தியவை. தேய்த்தவர்கள் நம்மைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர்களோ என்னவோ.

கேள்வி: வேட்டையாடித் தின்ற மிருகங்களைத்தான் வரைந்தார்களா? (வாசகர், கரூர்)

பதில்: லாஸ்கோவில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை ரெயின்டீர் மானுடையவை. சுவரிலோ அந்த மான் ஒன்றே ஒன்று! குதிரைகள் நூற்றுக்கணக்கில்.

கேள்வி: லாஸ்கோவில் அசல் குகையைப் பூட்டிவிட்டு, அதைப் போலவே செய்த நகலைக் காட்டுவது ஏமாற்று வேலைதானே? (அதே வாசகர்)

பதில்: இல்லை. 1940இல் உள்ளூர்ப் பையன்கள் கண்டுபிடித்த லாஸ்கோவை 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். அப்புறம் தினமும் ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். அத்தனை பேர் மூச்சிலும் வந்த ஈரமும் கரியமில வாயுவும், போதாததற்கு மின்விளக்குகளும் சேர்ந்து, சுவரில் பச்சைப்பாசி பிடித்தது. வெள்ளையாகச் சுண்ணாம்பும் படிந்தது. 1963இல் கலாசார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார். என்னைக் கேட்டால், அதுவே தாமதம். முதல் நகல் 1983இல் வந்தது, அதைவிடப் பெரியது 2016இல். ஷோவே விஷயத்தில் பிரெஞ்சு அரசு உஷாராகிவிட்டது. அதைப் பொதுமக்களுக்குத் திறக்கவே இல்லை. 2015 முதல் அதற்கும் நகல்தான். டிக்கெட் எடுப்பதென்றால் நான் அதற்குத்தான் எடுப்பேன்.