நீங்கள் காய்ச்சலில் படுக்கும் நாளுக்காக

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். சாட்ஸ்வர்த்தில் குடியிருக்கிறோம். என் மாமியாருக்கு 81 வயது. டர்பன் மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே உண்டு; போன வருடம் ஆல்சைமர் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது பாதி நேரம் தமிழில்தான் பேசுகிறார். என் கணவருக்கும் நாத்தனாருக்கும் தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அதனால் குளிக்க வைப்பது முதல் ராத்திரி எழுந்து உட்கார்ந்தால் சமாதானம் சொல்வது வரை எல்லாம் என் தலையில் வந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போவணும்" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் கொழுந்தனார், ஒரு கேர் பிளான் எழுதி வையுங்கள் என்று இணையத்திலிருந்து படிவம் அனுப்பியிருக்கிறார். பவர் ஆஃப் அட்டர்னி, சமூகப் பணியாளர் என்று என்னென்னவோ அதில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

(பெயர் வேண்டாம்), சாட்ஸ்வர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படித்ததும் அத்தையைவிட உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை வந்தது. நாளைக்கே உங்களுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டால் அந்த வீடு என்ன செய்யும்? அந்த இரண்டு நாளை இன்னொருவர் சமாளிக்கும்படி எழுதுங்கள். பராமரிப்புத் திட்டம் என்று நான் நினைப்பது இதைத்தான். நீங்கள் செய்யவேண்டிய வேலைகளுக்குக் கால அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டினால், ஏற்கெனவே செய்வதையே இன்னும் குற்ற உணர்ச்சியோடு செய்வீர்கள்.

முதல் பக்கத்தில் நோயை எழுதாதீர்கள், அத்தையை எழுதுங்கள். டீயில் எத்தனை சர்க்கரை கேட்பார், எத்தனை கொடுக்கலாம். ஷவரைக் கண்டால் பயப்படுகிறாரா, வாளியும் சொம்பும் வைத்தால் சம்மதிக்கிறாரா. புரட்டாசியில் மாமிசம் தொடமாட்டார் என்றால் அதையும் எழுத வேண்டும். தெரியாமல் யாராவது அந்த மாதம் கோழிக்குழம்பை வைத்துவிட்டு, சாப்பிட மறுக்கிறார், நோய் முற்றிவிட்டது என்பார்கள். இதையெல்லாம் அவரிடமே கேட்டு எழுதுங்கள். இன்னும் சொல்லக்கூடிய நிலையில்தான் இருக்கிறார்.

தமிழுக்குத் திரும்புவது இந்த நோயில் பலருக்கும் நடப்பதுதான். பிறகு வந்தவை முதலில் போகும், சின்ன வயதில் பதிந்தவை நிற்கும். ஞாபகப் பரிசோதனையை ஆங்கிலத்தில் வைத்தால் அவர் உள்ளபடிக்கும் கீழே மதிப்பெண் வாங்குவார். டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஆனால் தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எல்லா வேலையும் உங்களுடையது என்று வீட்டில் எப்படியோ முடிவாகிவிட்டதே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணி, பசி, வலிக்குது, பாத்ரூம், குளிருது, பயமா இருக்கு, உக்காருங்க, ஒண்ணுமில்ல. இந்த மாதிரி இருபது சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி வையுங்கள். உங்கள் கணவர் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். பகலில் உதவிக்கு ஒரு ஜூலு அம்மாவை அமர்த்தினால் அவரும் கற்றுக்கொள்வார். சொல்லப்போனால் மகனைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்.

மாலையில் கேட்டைப் பிடித்து நிற்பதற்கு வருகிறேன். மேகசின் பேரக்ஸில் இருந்த மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்களை 1960களில் சாட்ஸ்வர்த்துக்கு மாற்றினார்கள். அத்தைக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது இருந்திருக்கும். அவர் தேடும் வீடு அங்கே இருந்த வீடாக இருக்கலாம். "இதுதானே உங்க வீடு" என்று வாதாடினால் கோபம்தான் மிஞ்சும். "அங்க யாரெல்லாம் இருக்காங்க அத்தை?" என்று கேளுங்கள், பேசியபடியே தெருவில் கொஞ்சம் நடந்து திரும்பி வாருங்கள். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். பசியா, பாத்ரூம் போக வேண்டுமா, எங்காவது வலிக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சொல்லத் தெரியாமலும் வீட்டுக்குப் போகணும் என்பார்கள். கையில் போன் நம்பர் பொறித்த வளையம் ஒன்று இருக்கட்டும்.

அப்புறம் சாமி விளக்கு. பாதுகாப்பு என்று சொல்லி அதை அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். காலையில் ஒருவர் பக்கத்தில் நிற்க, அவரே ஏற்றட்டும். தீப்பெட்டியும் கேஸ் அடுப்பின் வால்வும் மட்டும் அவர் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். பாலியஸ்டர் புடவையோடு விளக்கருகில் போகவேண்டாம்.

உடல்நலப் பக்கத்தில் மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம். அலர்ஜிக்கும் சளிக்கும் கடையில் வாங்கும் தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் சில குழப்பத்தைக் கூட்டும், மருந்தாளரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. பெரிய எழுத்தில் ஒன்று: இரண்டொரு நாளில் திடீரென்று நிலைமை மோசமானால் அது ஆல்சைமரின் வேகமல்ல. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றுதல், சர்க்கரை இறங்குதல் என்று வேறு காரணம் இருக்கும், உடனே டாக்டரிடம் போக வேண்டும். வயசாச்சு என்று விட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் அதிகம்.

இப்போது படிவம். அது இங்கிலாந்துக்காக எழுதப்பட்டது போலிருக்கிறது. அங்கே, சுயமாக முடிவெடுக்கும் திறன் போன பிறகும் செல்லுபடியாகும் ஒரு வகைப் பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம், உண்டு. தென்னாப்பிரிக்காவில் கிடையாது. கையெழுத்துப் போட்டவருக்கு அந்தத் திறன் போனதும் இங்கே பத்திரமும் செத்துவிடும், மிகவும் தேவைப்படும் நேரத்தில். இது தெரியாமல் பழைய பத்திரத்தை வைத்து வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கும் குடும்பங்கள் நிறைய. திறன் போன பிறகு இரண்டு வழி: 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உயர் நீதிமன்ற மாஸ்டர் என்ற அதிகாரியிடம் விண்ணப்பித்து அவர் சொத்தைக் கவனிக்க ஒரு நிர்வாகியை நியமிக்கச் செய்வது, அல்லது உயர் நீதிமன்றத்துக்கே போய் கியூரேட்டர் என்ற பொறுப்பாளரைக் கேட்பது. இரண்டாவதில் பணம் தண்ணீராக ஓடும்.

சிகிச்சைக்குச் சம்மதம் தருவது வேறு விஷயம். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம், நோயாளியால் சம்மதம் சொல்ல முடியாதபோது யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது: கணவன் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளை, உடன்பிறந்தவர். ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் மருமகள் அதில் இல்லை. ஆனால் அத்தை தெளிவாக இருக்கும்போதே ஒருவரை எழுத்தில் நியமித்தால் அவருக்குத்தான் முதல் உரிமை. உங்கள் பெயரோ கணவர் பெயரோ, அவரே முடிவு செய்யட்டும். ஆல்சைமர் என்று சொன்ன அன்றே முடிவெடுக்கும் திறன் போய்விடுவதில்லை. எனவே உயில், இந்த நியமனம், கடைசிக் கட்டத்தில் விழுங்க முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற அவர் விருப்பம், மூன்றையும் தள்ளிப்போடாதீர்கள். முற்றிய நிலையில் குழாய் வழி உணவைவிடக் கையால் மெதுவாக ஊட்டுவதையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள், அதையும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. அத்தை அரசின் முதியோர் உதவித்தொகை வாங்குபவர் என்றால், முழுநேரக் கவனிப்பு தேவை என்ற மருத்துவச் சான்றோடு, அரசு உதவித்தொகைகளை வழங்கும் சாசா அலுவலகத்தில், கவனிப்புக்கான கூடுதல் தொகையான கிராண்ட் இன் எய்டுக்கு விண்ணப்பிக்கலாம். பெரிய தொகை இல்லை. ஆனாலும் உதவியாளர் சம்பளத்தில் ஒரு பங்குக்கு ஆகும்.

முதியோர் இல்லம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஆரியன் பெனவலன்ட் ஹோம் 1921இல் டர்பன் இந்தியர்களே தொடங்கியது. முதியோர் இல்லம் நேற்று வந்த வெள்ளைக்காரப் பழக்கம் என்று யாராவது பேசினால் இதைச் சொல்லுங்கள். நான் உடனே போகச் சொல்லவில்லை. எந்த நிலை வந்தால் அதை யோசிப்போம் என்று குடும்பம் இப்போதே பேசி ஒரு வரி எழுதி வைப்பது நல்லது. இல்லையென்றால் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

கொழுந்தனாருக்கு: வக்கீலைப் பார்ப்பது, மாஸ்டர் அலுவலகக் காகிதங்கள், சாசா விண்ணப்பத்தின் அலைச்சல் எல்லாம் அவர் பொறுப்பு என்று திட்டத்தில் அவர் பெயர் போட்டே எழுதுங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தே பாதி வேலை முடியும், மீதிக்கு விமானம் இருக்கிறது. நாத்தனாருக்கு வாரத்தில் ஒரு முழு நாள், இரவும் சேர்த்து. முதல் தடவை அவர்கள் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள். இருந்தால் அத்தை உங்களைத்தான் கூப்பிடுவார், நீங்களும் ஓடுவீர்கள். இருபது சொற்களையும் மாத்திரைப் பட்டியலையும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்.