ஷில்லிங்கிலிருந்து 66 பவுண்டு வரை: இங்கிலாந்து கால்பந்து டிக்கெட் கேள்வி பதில்

டிக்கெட் விலை பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். எந்த வீரர் எந்தக் கிளப்புக்குப் போவார் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும்.

சரவணன், கோவை: ஆரம்ப காலத்தில் மேட்ச் பார்க்க எவ்வளவு ஆகும்?

1872இல் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த முதல் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கிளப்களின் பழைய நாக்-அவுட் போட்டி) இறுதிப் போட்டிக்கு 1 ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். சாதாரண ஆளுக்கு அது கையைக் கடிக்கிற காசு. வந்தது சுமார் 2,000 பேர்தான். 1890இல் கிளப்களின் அமைப்பான ஃபுட்பால் லீக் குறைந்தபட்சக் கட்டணம் 6 பென்ஸ் என்று வைத்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து மில்லிலிருந்து நேராக வருகிற தொழிலாளியால் அதைக் கொடுக்க முடிந்தது. மூன்று மணி மேட்ச் என்ற பழக்கமும் அந்த அரைநாள் விடுமுறையை ஒட்டி வந்ததுதான்.

ஜெனிஃபர், ஹாரோ: விலை எப்போது எகிற ஆரம்பித்தது அண்ணா?

1990களில். 1989-90 சீசனில் லிவர்பூல் மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் கோப் பகுதியில் நின்று பார்க்க 4 பவுண்டு. மான்செஸ்டர் யுனைடெட்டில் 3.50க்கே கிடைத்தது. விலைவாசி ஏற்றத்தை மட்டும் கணக்குப் போட்டால் அந்த 4 பவுண்டு இன்று 10, 12 பவுண்டு ஆகியிருக்க வேண்டும். 2024 நவம்பரில், சீசன் பாதியில் இருக்கும்போதே, யுனைடெட் மிச்சமிருந்த டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்டு என்று வைத்தது. சிறுவருக்கும் முதியவருக்கும் சலுகை இல்லை.

அந்த 4 பவுண்டு சீசனுக்குச் சற்று முன் ஹில்ஸ்பரோ மைதானத் துயரம் நடந்தது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டில் கூட்ட நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள். விசாரித்த நீதிபதி டெய்லர், மைதானம் முழுக்க இருக்கை போடச் சொன்னார். அதே அறிக்கையில் விலை பற்றியும் எழுதினார்: இப்போது நின்று பார்க்கிறவர்களுக்குக் கட்டுப்படியாகும்படி மலிவான இருக்கைகளுக்கு விலை வைக்க முடியும். உதாரணமாக கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தைக் காட்டினார். அங்கே நிற்க 4 பவுண்டு, உட்கார 6. கிளப்கள் இருக்கையைப் போட்டன, விலை பற்றிய பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டன. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

முரளி, சென்னை: டிசம்பரில் லண்டன் வருகிறேன். மலிவாக டிக்கெட் எங்கே கிடைக்கும்?

கிளப்பின் சொந்தத் தளத்தில் உறுப்பினராகுங்கள். பெரிய கிளப்தான் வேண்டும் என்றால் லீக் கோப்பை (லீக்குக்கு வெளியே தனியாக நடக்கிற நாக்-அவுட் போட்டி) மேட்சுகளைப் பாருங்கள். கீழ்ப் பிரிவு மேட்சுக்குப் பெரும்பாலும் சிரமமே இருக்காது. வெளியாள் யாரிடமும் வாங்காதீர்கள். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் விற்பது 1994இலிருந்து குற்றம். ஒரு மைதான வாசலில் பார்த்தேன்: ஒரு அப்பா, இரண்டு பிள்ளைகள், புது ஜெர்சி. போனில் இருந்த டிக்கெட்டை வாசல் கருவியில் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த டிக்கெட்டை ஏற்கெனவே ரத்து செய்திருந்தார்கள். அங்கே நிற்கிற ஊழியரால் ஒன்றும் செய்ய முடியாது.

இளங்கோ, சிங்கப்பூர்: இருக்கை போட்டால் இடம் குறையும், விலை ஏறும். அதோடு, எல்லா மேட்சும் நிரம்புகிறதே. நிரம்புகிற விலை எப்படி அதிக விலை ஆகும்?

முதல் பாதி சரி. கோப் மேடையில் ஒரு காலத்தில் 28,000 பேர் நின்றார்கள், இப்போது அதில் பாதிகூட உட்கார முடியாது. ஆனால் அந்த இழப்பை ஈடுகட்டத்தானே டிவி பணம் வந்தது? 2015இல் கையெழுத்தான உள்நாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் மட்டும் மூன்று சீசனுக்கு 513 கோடி பவுண்டு. அதற்குப் பிறகும் வாசலில் விலை தானாகக் குறையவில்லை.

நிரம்புகிறது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யார் நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். அப்பாவின் கையைப் பிடித்து வந்து பழகியவர்தான் பிறகு தன் பிள்ளையைக் கூட்டி வருவார். அந்தச் சங்கிலி அறுந்தால் இடம் காலியாகாது, வேறொருவர் வருவார், வருடத்துக்கு ஒரு முறை. மைதானத்தில் ரசிகர்களின் பாட்டு எழும்பாது.

ரசிகர்கள் எதிர்த்தபோது விலை இறங்கியும் இருக்கிறது. 2013 ஜனவரியில் ஆர்சனல் மைதானத்துக்கு வந்த மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களுக்கு 62 பவுண்டு என்றார்கள். 900க்கு மேல் டிக்கெட் விற்காமல் திரும்பிப் போனது. 2016 பிப்ரவரி 6 அன்று, 77 பவுண்டு டிக்கெட் வரப்போகிறது என்று தெரிந்ததும், லிவர்பூல் ரசிகர்கள் சண்டர்லாந்துக்கு எதிரான மேட்சில் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியே போனார்கள். அப்போது 2-0 முன்னிலை, முடியும்போது 2-2. சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த மாதமே இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக், வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று முடிவெடுத்தது. அதனால் எந்தக் கிளப்பும் கவிழவில்லை.

இளங்கோ (மறுபடி): ஜெர்மனியில் மலிவாக விற்கிறார்கள். அதனால் ஐரோப்பாவில் ஜெயிக்க முடிகிறதா?

ஐரோப்பியக் கிளப்களின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில், 2013 இறுதியில் மோதியது பாயர்னும் டோர்ட்முண்டும். இரண்டும் ஜெர்மன் கிளப், நடந்த இடம் வெம்பிளி. 2020இல் கோப்பையை வென்றதும் பாயர்ன்தான். டோர்ட்முண்டின் தெற்கு மேடையில் இன்றும் சுமார் 25,000 பேர் நின்றுதான் பார்க்கிறார்கள். அங்கேயும் சும்மா கிடைத்துவிடவில்லை. 2016இல் ஷ்டுட்கார்ட் போன டோர்ட்முண்ட் ரசிகர்கள் விலையை எதிர்த்து மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசினார்கள். இளங்கோ, இதை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

ஃபாத்திமா, ஈஸ்ட் ஹாம்: ஆர்சனல்தான் எப்போதும் அதிக விலையா?

சீசன் டிக்கெட்டில் (ஒரு சீசனின் சொந்த மைதான மேட்சுகளுக்கு மொத்தமாக வாங்குவது) பல வருடம் அப்படித்தான். 2014இல் மிக மலிவானதே 1,014 பவுண்டு. ஆனால் அதில் சில கோப்பை மேட்சுகளும் சேர்ந்திருந்தன. ஒப்பிடும்போது அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

கார்த்திக், பெங்களூரு: மலிவு டிக்கெட் எங்கே கிடைக்கும்?

முரளிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

தினேஷ், திருச்சி: வாட்ஸ்அப்பில் ஒருவர் சீசன் கார்டு தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வேண்டாம்.

பிரசாத், மதுரை: ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) டிக்கெட் விலை ஏன் இப்படி?

அதைப் பின்தொடர்கிறவர்களைக் கேளுங்கள், எனக்கு இங்கிலாந்து கணக்குத்தான் பழக்கம்.

வசந்தி, டொராண்டோ: உலகக் கோப்பைக்கும் இதே கதையா? அக்கறையாகக் கேட்கிறேன்.

இன்னும் மோசம். 1994இல் அமெரிக்காவில் நடந்தபோது 25 முதல் 475 டாலர் வரை. 2026க்கு விற்பனை தொடங்கியபோது 60 முதல் 6,730 டாலர் வரை, அதுவும் தேவைக்குத் தக்கபடி ஏறுகிற விலை. ஃபிஃபாவின் மறுவிற்பனைத் தளத்தில் வாங்குபவரிடம் 15 சதவீதம், விற்பவரிடம் 15 சதவீதம் பிடிக்கிறார்கள். ஒரே நாற்காலிக்கு இரண்டாம் முறையும் வருமானம். அந்த 15 சதவீதத்தைச் சேர்த்துப் பார்த்த பிறகு கட்டுப்படியாகுமா என்று முடிவு செய்யுங்கள்.