அப்பா வருஷக்கணக்கில் தினமும் காலையில் ‘பான் 40’ போடுகிறார். இப்படியே தொடரலாமா?

‘பான் 40’ என்பது பான்டோபிரசோல், வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மாத்திரை. அதை யார் எழுதினார்கள், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று முதலில் அப்பாவிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வராது என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் வரவில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது ஆன்டிபயாட்டிக்கோடு பான்டோபிரசோல் 40 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். காய்ச்சல் போனது, ஆன்டிபயாட்டிக் தீர்ந்தது, இது மட்டும் தங்கிவிட்டது. மெடிக்கலில் காலி அட்டையைக் காட்டினால் புது அட்டை கிடைக்கும். அடுத்தடுத்து பார்த்த டாக்டர்களும் பழைய சீட்டைப் பார்த்து அப்படியே எழுதினார்கள்.

சில வருஷத்தில் அம்மாவுக்குப் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. ராத்திரியானால் எரிச்சல். ஒரு நாள் கோயிலுக்குப் போகிற வழியில் இடது கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்து போயிருக்கிறார். பூக்கார அக்கா அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தார். சர்க்கரை இருக்கிறதே, அதனால்தான் என்றார்கள் எல்லோரும். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. நாக்கு வேறு சிவந்து வழவழவென்று ஆகி, ரசத்தின் காரம்கூடத் தாங்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த இளம் டாக்டரம்மா, போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் பையோடு கொண்டுவரச் சொன்னார். மேஜையில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து, “இது எதுக்கும்மா?” என்று கேட்டார். பான்டோபிரசோல் வந்ததும் அம்மா, “அது கேஸுக்கு டாக்டர், எல்லாரும் போடுறதுதானே” என்றார். உடனே ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொன்னார். அது குறைந்தால் நரம்பு பாதித்துக் கால் மரத்துப்போகும், நாக்கும் இப்படிச் சிவக்கும். ஒரு மில்லி ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே போனாலே குறைவு என்கிறார்கள். அம்மாவுக்கு 118.

சாப்பாட்டில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். வருஷக்கணக்கில் அமிலத்தை அடக்கிவைத்தால் பி12 உடம்பில் சேர்வது குறையும். சர்க்கரைக்குப் போடுகிற மெட்ஃபார்மினும் பி12-ஐக் குறைக்கும். அம்மா சைவம் வேறு, காய்கறியில் பி12 கிடைக்காது. பி12 ஊசி போட்டபிறகு எரிச்சல் நின்றது. விரல் நுனியில் மரப்பு மட்டும் இன்னும் மிச்சமிருக்கிறது.

மாத்திரையே விஷம் என்று நான் சொல்லவில்லை, நான் டாக்டரும் இல்லை. “எங்க தாத்தா பத்து வருஷமா போடுறார், நல்லாத்தான் இருக்கார்” என்று யாராவது எழுதுவீர்கள். இருக்கலாம், எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. என் மாமாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஓடுகிறது. வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் காக்க அவருக்கு இது வேண்டும், நிறுத்தவே கூடாது. ஆனால் அவருக்கு இதே வகை மாத்திரைகளான ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் கொடுக்கமாட்டார்கள். அவை குளோபிடோக்ரலின் வேலையைக் குறைத்துவிடும். அதனால்தான் பான்டோபிரசோல்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். நீண்ட நாள் போட்டுவிட்டுச் சட்டென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். நெஞ்சு எரிந்ததும், மாத்திரை இல்லாமல் முடியாது என்று திரும்பப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாவுக்கு டாக்டரம்மா முதலில் 20 மி.கி. ஆக்கினார், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், இடையில் எரிந்தால் ஆன்டாசிட் சிரப். ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் முடித்தோம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தோம். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அமுங்குமே தவிர பலனில்லை.

தொடர வேண்டியவர்கள் காலை டிபனுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். சாப்பாடு வரும்போதுதான் அமிலம் சுரக்கும் பம்புகள் வேலையில் இறங்கும். வேலையில் இருக்கும் பம்பைத்தான் இது அடைக்கும். நாலு இட்லிக்குப் பிறகு போட்டால் பயன் குறைந்துவிடும். உடைத்தோ மென்றோ போடக் கூடாது. மேல்பூச்சு இல்லாவிட்டால் அமிலமே மருந்தை அழித்துவிடும். அப்பா போடுவது ‘பான் டி’ என்றால் அதில் வாந்தியை அடக்கும் டொம்பெரிடோனும் இருக்கிறது. அது இதயத் துடிப்பைக் குழப்பக்கூடும் என்று 2014-லேயே ஐரோப்பாவில் ஒரு வாரத்துக்கு மேல் பொதுவாக வேண்டாம் என்று கட்டுப்படுத்தினார்கள்.

அமெரிக்காவில் சீட்டில்லாமல் விற்கும் ஒமிப்ரசோல் டப்பாவிலேயே 14 நாள்தான், நாலு மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்று அச்சடித்திருக்கும். நம்மூரில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போய்விடுகிறது. இருப்பதும் பொடி ஆங்கில எழுத்து, வெள்ளித்தாளில் வெளிச்சம் பட்டால் எனக்கே தெரிவதில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த என் அம்மா நிறத்தையும் வடிவத்தையும் வைத்து மருந்து சாப்பிடுகிறார். கம்பெனி மாறினால் நிறமும் மாறிவிடும். ரேஷன் அட்டையில் தமிழ் இருக்கிறது, கரண்ட் பில்லில் இருக்கிறது, உயிர் காக்கிற மருந்தில் ஏன் இல்லை? இதை யாரும் பெரிதாகக் கேட்பதே இல்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

அப்பா மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்றும் பாருங்கள். வயிறு எரிவதே அதனால் இருக்கலாம். மலம் கறுப்பாகப் போனால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்செரிச்சலோடு வியர்த்து, தாடையோ இடது கையோ வலித்தால் மாத்திரையைத் தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.