கம்பியால் இணைத்த இரண்டு உருளைகள்: இழுவிசை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பிளஸ் 1 படிக்கிறேன். ஒரு திண்ம உருளை, ஒரு மெல்லிய உள்ளீடற்ற உருளை. இரண்டுக்கும் நிறை 1 கிலோ, ஆரமும் ஒன்றே. அச்சோடு அச்சை எடையற்ற கம்பியால் இணைத்து 30 பாகை சாய்தளத்தில் விடுகிறோம். திண்மம் முன்னால், இரண்டும் நழுவாமல் உருளுகின்றன. கம்பியில் எனக்குப் பூஜ்யம் வருகிறது. விடையோ 0.7 நியூட்டன் என்கிறது. எங்கே தப்பு?

பதில்: விடை சரிதான். நீங்கள் போட்டிருப்பது வழவழப்பான சரிவில் சறுக்கி இறங்கும் இரண்டு கட்டைகளுக்கான கணக்கு. இவை உருண்டல்லவா வருகின்றன?

சமன்பாடு எழுதுமுன் ஒன்றை யோசியுங்கள்: கம்பியைக் கழற்றிவிட்டால் எது முந்தும்? சரிவு வழியே ஒவ்வொன்றையும் இழுப்பது 9.8-இல் பாதி, அதாவது 4.9 நியூட்டன். அதுவே உருளையை நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். உள்ளீடற்றதில் நிறை முழுக்க விளிம்பில் இருப்பதால், சுழற்சிக்காக இன்னொரு கிலோ கூடியது போல ஆகிறது, மொத்தம் 2. திண்மத்துக்கு அரைக் கிலோதான் கூடும், 1.5. தனியாக விட்டால் திண்மத்தின் முடுக்கம் 3.27, மற்றதற்கு 2.45. வேகமானது முன்னால், மந்தமானது பின்னால். கம்பி விறைக்கத்தான் செய்யும்.

இப்போது சேர்த்துப் பாருங்கள். மொத்த விசை 9.8, மொத்தச் சுமை 3.5, முடுக்கம் 2.8. இந்த முடுக்கத்துக்குத் திண்மத்துக்கு 1.5 × 2.8 = 4.2 போதும். கையில் இருப்பது 4.9. மிச்சம் 0.7 கம்பி வழியே பின்னால் போகிறது. பின்னதற்குத் தேவை 5.6, அதற்குக் குறைவதும் அதே 0.7.

உராய்வுக் குணகம் தரவில்லையே என்று பலர் இங்கே திகைத்து நிற்பார்கள். அது வேண்டாம். நழுவாதவரை உராய்வு தேவையான அளவே எடுத்துக்கொள்ளும்: திண்மத்தில் 1.4, மற்றதில் 2.8 நியூட்டன். குணகம் சுமார் 0.33-க்குக் கீழே போனால்தான் பின்னது நழுவத் தொடங்கும்.

இடம் மாற்றி வைத்தால்? அதே 0.7, ஆனால் கம்பி அமுங்கும். இரண்டுமே திண்மம் என்றால், ஒன்று 1 கிலோ, இன்னொன்று 10 கிலோ, ஆரமும் வேறுவேறு என்றாலும் கம்பியில் விசையே இருக்காது. எடை கூடினது முந்தும் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவில் இரண்டு தகர டப்பா. ஒன்றில் நடுவே ஸ்ட்ராவை நிறுத்தி சிமென்ட் ஊற்றிக் காயவிடுங்கள். தண்ணீர் நிரப்பினால் ஆகாது. அது டப்பாவோடு சேர்ந்து சுழலாது, கணக்கு மாறிவிடும். காலி டப்பாவின் இரு மூடியிலும் நடுவில் ஓட்டை போடுங்கள். இரண்டிலும் சைக்கிள் ஸ்போக் செருகி, இருபுறமும் நூலால் பிணைத்துப் பலகைச் சரிவில் விடுங்கள். சிமென்ட் டப்பா முன்னால் இருந்தால் நூல் விறைப்பாக நிற்கும். காலி டப்பாவை முன்னால் வைத்தால் நூல் தொய்ந்து, சிமென்ட் டப்பா பின்னாலிருந்து வந்து இடிக்கும். தொடும் இடத்தில் ஒன்றின் பரப்பு மேலே போகும், மற்றதன் பரப்பு கீழே வரும். அந்தக் கரகரச் சத்தம் அதனால்தான்.